கை எட்டாத வீல்பாக்ஸ்: புதுச்சேரி அம்பாசிடர் ஒன்றில் நடந்த வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முதலியார்பேட்டையில் பழைய கார்களுக்கு வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் எனக்குப் பாதிப் பங்கு. ஸ்பேனர் பிடிக்கும் கை எனக்கு வாய்க்கவில்லை. வேலைக் குறிப்பேடு எழுதுவதுதான் என் பொறுப்பு. எதை எப்போது கழற்றினோம், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தப்பு செய்தோம் எல்லாம் அதில் இருக்கும். கீழே வருவது அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது. தலைப்பில் உள்ள வீல்பாக்ஸ் என்பது வைப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி. வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வண்டி 1985 மே மாதம் பதிவான அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். அப்பா வாங்கியது, மகன் ஓட்டுகிறார். மகனுக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. லாஸ்பேட்டையில் வீடு, வாசலில் தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி. வாரத்துக்கு ஒரு தடவை கடலூர் வரை போய்வருவார். 90களில் டேஷ்போர்டுக்கு அடியில் வெளியே வாங்கி மாட்டிய ஏசி ஒன்று தொங்குகிறது. இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2025 மே மாதம் அந்தக் கெடு. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, விளக்கு, பிரேக், ஹாரன், வைப்பர் என்று எல்லாவற்றையும் இயக்கிக் காட்ட வேண்டும். இடப்பக்க வைப்பரோ பாதி தூரம் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. ஆனால் அவர் எங்களிடம் வந்தபோது வைப்பரைப் பற்றிப் பேசவே இல்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்.

முதலில் தெரிந்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் பக்கம் கார்கள் பானட் வரை மூழ்கி நின்ற படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். லாஸ்பேட்டை மேடு, அங்கே தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. கொட்டகையின் ஒரு தகரம் பறந்துபோனதால் வண்டியின் முன்பாதி மட்டும் இரவு முழுவதும் நனைந்திருக்கிறது.

நாலாம் நாள் கதவைத் திறந்தபோது உள்ளே சாக்கடை வாடை. இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஃப்ளோர் மேட்டைத் தூக்கினால் அடியில் இருந்த சணல் விரிப்பு ஊறிக் கிடந்தது. பிழிந்ததில் அரை வாளி தண்ணீர் வந்ததாகச் சொன்னார். அதற்கு முந்தைய மழைக்காலத்திலும் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. அப்போது பார்த்த ஒரு கடையில், ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும் என்று குழாயை மாற்றினார்கள். அடுத்த தடவை கதவு ரப்பரை மாற்றினார்கள். மூன்றாம் தடவை, 2024 செப்டம்பரில், வைப்பர் முளைக்கும் இரண்டு இடத்தையும் சுற்றி வெளியே இருந்தே சிலிக்கான் பசையைப் பூசி அனுப்பிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து வண்டியை எங்களிடம் விட்டார். “மழையில நான் ஏசியே போடல தம்பி. அப்புறம் எப்படி ஏசித் தண்ணி வரும்?” என்றார். இந்த ஒரு கேள்வியை முதல் கடையில் யாராவது கேட்டிருந்தால் ஒரு குழாய்ச் செலவு மிச்சமாகியிருக்கும்.

தண்ணீர் வந்த வழி

ஒழுகல் வேலையில் பெரும்பாலும் நடக்கும் தவறு, மேலிருந்து ஹோஸைப் பிடிப்பது. தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடும், எங்கே நுழைந்தது என்று தெரியவே தெரியாது. நாங்கள் கீழிருந்து மேலே போனோம். ஒவ்வொரு இடத்துக்கும் பத்து நிமிடம். முதலில் கதவின் அடி, அடுத்து கதவின் மேல்விளிம்பு, அப்புறம் பீடிங் எனப்படும், முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் கீழ் மூலைகள், கடைசியாக வைப்பர் முளைகள். உள்ளே சணல் விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, தகட்டின் மேல் முகப்பவுடரைத் தூவி வைத்தோம். ஒரு துளி ஓடினாலும் கோடு விழும்.

கதவில் ஒன்றும் இல்லை. இடப்பக்க பீடிங்கில் ஒன்றும் இல்லை. வலப்பக்கக் கீழ் மூலையில் பவுடர் லேசாக நிறம் மாறியது. குறிப்பேட்டில் “வல. பீடிங், லேசான ஈரம், பிறகு பார்க்க” என்று எழுதியிருக்கிறேன்.

இடப்பக்க வைப்பர் முளையைச் சுற்றி ஒரு டம்ளரால் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. நாலாவது நிமிடத்தில் ஏசிப் பெட்டியின் தலையில் டப் டப் என்று சத்தம். தண்ணீர் அந்தப் பெட்டியின் மேல் விழுந்து, அதன் சரிவில் ஓடி, இடது மூலையில் இறங்கியது. ஏசித் தண்ணீர் வடியும் இடமும் அதுவே. முதல் கடைக்காரர் ஏமாந்ததில் வியப்பில்லை. அவர் பார்த்தது தண்ணீர் விழுந்த இடம். அது நுழைந்த இடம் ஓர் அடி மேலே, யார் கண்ணுக்கும் படாமல் இருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது

அம்பாசிடரின் வைப்பர் பழைய லூகாஸ் முறை. இப்போதைய கார்களைப் போல மோட்டாருக்கும் வைப்பருக்கும் நடுவே கம்பித் தண்டுகள் கிடையாது. ரேக் என்று சொல்லப்படும் வளையக்கூடிய எஃகுக் கேபிள் ஒன்று இருக்கும். அதன் மேல் இன்னொரு கம்பி திருகு போலச் சுற்றியிருக்கும். மோட்டார் அந்தக் கேபிளை ஓர் இரும்புக் குழாய்க்குள் முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். வழியில் இரண்டு இடத்தில் குழாய் அறுபட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு பல்சக்கரம். அதுதான் வீல்பாக்ஸ். ரேக் நகர்ந்தால் பல்சக்கரம் அரைவட்டத்துக்குள் திரும்பும். சக்கரத்தின் தண்டு மேலே தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அதன் தலையில் வைப்பர் கை உட்காரும்.

தண்டு வெளியே வரும் ஓட்டையை ஒரு ரப்பர் வளையம் அடைக்கிறது. அதன் மேல் சாய்வாக வெட்டிய குரோம் வளையம் (இதையும் புஷ் என்போம்), அதற்கு மேல் நட். மழைநீரைத் தடுப்பது அந்த ரப்பர் ஒன்றே. நாற்பது ஆண்டு வெயிலில் அது அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. உடைந்த துண்டுகளைத்தான் வெளியே எடுத்தோம்.

ரப்பரை மட்டும் மாற்றுவதென்றால் வெளியிலிருந்தே முடியும் என்று தோன்றும். நட்டைக் கழற்றினால் போதுமே! ஆனால் நட்டோடு சேர்ந்து அடியில் வீல்பாக்ஸும் சுற்ற ஆரம்பித்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும். உள்ளே ஒருவர் பிடித்தாக வேண்டும். அதோடு இந்த வண்டியில் தண்டை விரலால் ஆட்டினாலே ஆடியது. உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. அந்த ஆட்டத்தில் எந்த ரப்பரும் நிற்காது. ஆகவே இடப்பக்க வீல்பாக்ஸை முழுதாக மாற்றுவது என்று முடிவாயிற்று.

அது இருக்கும் இடத்தை இப்படி யோசித்துப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டுக்குப் பின்னால், இரண்டு தகட்டுக்கு நடுவே, ஏசிப் பெட்டிக்கு மேலே. அண்ணாந்து படுத்தால் ஏசியின் அடிதான் தெரியும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முன்மூஞ்சி முழுவதையும் ஒரே பானட்டாக முன்னால் கவிழ்த்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்ப்பார்கள். அந்தப் பொறாமை எனக்கு எப்போதும் உண்டு.

எடுத்த முடிவும் எடுக்காத முடிவுகளும்

எங்கள் டிங்கர், அதாவது பாடித் தகடு வேலை பார்ப்பவர், முப்பது வருட அனுபவக்காரர். பார்த்தவுடன் சொன்னார்: “சார், டேஷ்போர்டு உள்தகட்டுல நாலு இன்ச் வெட்டிட்டா நேரா கை போயிடும். அப்புறம் ஒரு தகடு வச்சு ஸ்க்ரூ போட்டுக்கலாம். வெளிய தெரியாது.” இதற்கு முன் இரண்டு வண்டிகளில் அப்படிச் செய்திருக்கிறார், இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு நாள் வேலை மிச்சம். அவர் பேச்சைத் தள்ளிவிட முடியாது.

வண்டிக்காரர் ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. காரணம் அழகு அல்ல. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடித் தகடே எலும்புக்கூடு. முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தூணையும் இணைத்துப் பிடிக்கும் பகுதியில் ஓட்டை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்தது உப்புக் காற்று. வெட்டிய விளிம்பில் உள்பக்கம் பெயிண்ட் ஏறாது. கடலோர ஊரில் அந்த விளிம்பு எத்தனை வருடம் தாங்கும் என்று டிங்கரையே கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

முன்கண்ணாடியைக் கழற்றி டேஷ்போர்டு முழுவதையும் இறக்குவது இன்னொரு வழி. பெயிண்ட் வேலைக்கு வந்த வண்டியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் பழைய பீடிங்கை ஒரு தடவை எடுத்தால் திரும்பப் போட முடியாது, கண்ணாடிக்கும் ஆபத்து. வைப்பர் ஒன்றுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று விட்டோம். இது சரியான முடிவா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மறுபடியும் நல்ல சிலிக்கானாகப் பூசிவிட்டுப் பதிவு புதுப்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. பேசியவன் நான்தான்.

கடைசியில் எடுத்த வழி: டேஷ்போர்டில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளை மட்டும் பயன்படுத்துவது. இடப்பக்கம் கையுறைப் பெட்டியின் உட்பெட்டியை எடுத்தால் ஒரு கை போகும். மீட்டர் பேனலை முன்னால் இழுத்தால் இன்னொரு கை. ஏசிப் பெட்டியைக் கீழே இறக்கினால் கண் போகும். ஏசியின் கேஸ் குழாய்களை மட்டும் திறப்பதில்லை. திறந்தால் கேஸ் போய்விடும், அவ்வளவு பழைய நட்டுகள் திரும்ப இறுகுமா என்ற கவலை வேறு.

கழற்றிய இரண்டு நாள்

பேட்டரி இணைப்பை முதலில் எடுத்தோம். டேஷ்போர்டுக்குப் பின்னால் பழைய துணி உறை வயர்கள் உரசிக்கொண்டிருக்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

உட்பெட்டி அட்டை போன்ற பொருளால் ஆனது, ஈரத்தில் ஊறியிருந்தது. எவ்வளவு பொறுமையாக எடுத்தும் ஒரு மூலை கிழிந்தது. ஏசிப் பெட்டியின் நாலு பிடிப்பையும் தளர்த்தி, அடியில் மணைப்பலகையும் சாக்கும் அடுக்கி, குழாய்கள் வளையும் அளவுக்கு ஐந்து அங்குலம் மட்டும் இறக்கினோம். அப்போதுதான் வீல்பாக்ஸ் முதல் தடவையாகக் கண்ணில் பட்டது. அதுவும் நேராகத் தெரியவில்லை. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் செல்போன் கேமராவும் கொண்டுதான் பார்த்தோம். கேமராவை உள்ளே நுழைத்து வீடியோ எடுத்து, வெளியே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த ஸ்க்ரூ எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொண்டோம். ஒன்றரை மணி நேரம் இதற்கே போனது. அது வீணாகவில்லை என்பது என் எண்ணம்.

கழற்றும் வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது. ரேக் உள்ளே இருக்கும்வரை வீல்பாக்ஸ் அசையாது, ஏனென்றால் கேபிள் அதை ஊடுருவிப் போகிறது. முதலில் வைப்பர் கைகளை எடுத்து, அவை நின்ற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்தோம். பிறகு மோட்டாரின் மூடியைத் திறந்து, ரேக்கை அதைத் தள்ளி இழுக்கும் கிராங்கிலிருந்து விடுவித்து, முழுவதையும் வெளியே உருவினோம். பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகி, உருவும்போது கரகரவென்று சத்தம் வந்தது. அதன் பிறகே வெளி நட். கடைசியாக உள்ளே குழாய்களைக் கவ்வியிருக்கும் பின்தகட்டின் இரண்டு ஸ்க்ரூ.

அந்த இரண்டு ஸ்க்ரூதான் பாதி நாளைத் தின்றது. டிங்கருக்கு உழைத்துப் பருத்த கை. மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பட்டறைப் பையன் முயன்றான், விரல் நுனி பட்டது, திருப்ப முடியவில்லை. வண்டிக்காரரின் மகள் கல்லூரியில் படிக்கிறவர், மதியச் சாப்பாட்டை அப்பாவுக்குக் கொண்டுவந்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “நான் கை விட்டுப் பாக்கட்டுமா அண்ணா?” என்றார். டிங்கர் தயங்கினார். தகட்டு விளிம்பு கிழித்துவிடும் என்று தன் முழங்கைத் துணியை அவருக்குக் கட்டிவிட்டு, “மெதுவா பாத்து மா” என்றார். வரைந்த தாளை நான் முன்னால் பிடித்துக்கொண்டேன். கையுறைப் பெட்டி வழியாக முழங்கை வரை போனது. தண்டை வெட்டிக் குட்டையாக்கிய ஸ்க்ரூடிரைவரால் இருபது நிமிடத்தில் முதல் ஸ்க்ரூவும், அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டாவதும் வந்தன.

இரண்டாவது ஸ்க்ரூ வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. விரலிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. கம்பியில் காந்தம் கட்டித் தேடியும் அன்று கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஏசிப் பெட்டியின் பின்புற மடிப்பிலிருந்து எடுத்தோம். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஸ்க்ரூவின் கழுத்தில் தையல் நூல் கட்டாமல் எதையும் உள்ளே கொண்டுபோவதில்லை. இறுக்கி முடித்ததும் நூலை வெட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவர் முனையில் கொஞ்சம் கெட்டி கிரீஸ் வைத்தால் ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு வரும். டிங்கர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அன்று செய்யவில்லை.

சிலிக்கானுக்கு அடியில்

வெளியே பூசியிருந்த சிலிக்கானை பிளேடால் சுரண்டியபோது அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு வளையம். பெயிண்ட் கொப்பளித்து, தகடு இலைபோல உரிந்தது. ரப்பர் வழியாக ஏற்கெனவே உள்ளே போன நீரை சிலிக்கான் வெளியேற விடாமல் அடைத்துவைத்திருக்கிறது. போதாததற்கு அது வினிகர் வாடை அடிக்கும் வகை. உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் அந்தப் பசை கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் சரி, இரும்பின் மேல் துருவைத் தூண்டிவிடும். நான்கு மாதத்தில் இவ்வளவு சேதம் என்று சொல்லமாட்டேன், பழைய துரு முன்பே இருந்திருக்கும். ஆனாலும் அதை மூடி மறைத்து வளர்த்தது அந்தப் பசைதான். அதையே இன்னொரு தடவை பூசலாம் என்று நான் சொன்னதை டிங்கர் இரண்டு நாள் சொல்லிக் காட்டினார்.

துரு வேலையில் நாங்கள் ஒரு படி கூடுதலாகச் செய்தோம். கம்பி பிரஷ் போட்டதும் நேராகத் துரு நீக்கியை வைக்காமல், நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தினோம். உப்பு தகட்டில் தங்கினால் மேலே எந்த பிரைமர் அடித்தாலும் அடியில் துரு தொடரும். அதன் பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, மறுபடி கழுவல், எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே வண்டியின் வெள்ளை. ஓட்டையின் உள்விளிம்புக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் பிரைமர் வைத்தோம்.

உதிரிப் பாகம்

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாடா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. இன்று கிடைப்பது பழைய சரக்கு, இல்லையென்றால் யாரோ அச்சு வைத்துச் செய்தது. புதுச்சேரியில் கேட்டதில் ஒரு வீல்பாக்ஸ் உடனே கிடைத்தது, பெட்டி புதிது. கழற்றிய பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்டின் மரை கால் அங்குலம் குறைவு. ரப்பரும் புஷ்ஷும் போட்டால் நட் பிடிக்க மரை மிஞ்சாது. கடைக்காரர் ரப்பரை மெல்லிசாகப் போடச் சொன்னார். ரப்பர்தான் வேலையே!

பழைய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்காரரே சென்னைக்குப் பஸ் ஏறினார். ஜி.பி. ரோட்டில் இரண்டு கடை, அப்புறம் புதுப்பேட்டை. மாலையில் ஒரு பழைய சரக்கு வீல்பாக்ஸோடு வந்தார். மரை அளவும் பல் எண்ணிக்கையும் ஒத்துப்போயின. ரப்பர் வளையம் மட்டும் எங்கும் இல்லை. சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வெயில் படும் இடத்தில் அந்த ரப்பர் இரண்டு கோடை தாங்காது. வெயில் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் ஷீட்டில் பழைய துண்டுகளை ஒட்டவைத்து அளவெடுத்து, துளை போடும் பஞ்ச் கருவியால் இரண்டு வளையம் வெட்டினோம்.

வலப்பக்க வீல்பாக்ஸின் புஷ் நன்றாக இருந்ததால் அதை மாற்றவில்லை. அதன் பல்சக்கரத்தில் ரேக் படும் பகுதி மட்டும் தேய்ந்திருந்தது. இந்தச் சக்கரம் முழுவட்டம் சுற்றுவதே இல்லை, ஆகவே மறுபாதிப் பற்கள் புதிதுபோல இருக்கும். ரேக் வெளியே இருக்கும்போது தண்டை அரைவட்டம் திருப்பிவைத்தால் போதும், பணம் செலவில்லை. வைப்பர் கையைப் பழைய டேப் குறிக்கு நேராக மறுபடி உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டியதும், தப்பியதும்

ரேக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, குழாய்களுக்குள் துணியை நூலில் கட்டி இழுத்துத் துடைத்து, புது கிரீஸ் தடவினோம். வீல்பாக்ஸை உள்ளே வைத்தது மறுபடியும் மகள்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, கேட்டு வரவழைத்தோம்.

வெளியே நட்டை இறுக்குவது பையனின் வேலை. உள்ளே பிடித்திருப்பவர் “ம்” என்ற பிறகு இறுக்க வேண்டும் என்பது பேச்சு. அவன் ஒரு திருப்பு முந்திவிட்டான். உள்ளே ஏதோ அசைந்ததை மகள் உணர்ந்து சொன்னார். நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட்டோம். கையில் பிடித்திருந்தவருக்குத் தெரிந்தது, டார்ச்சில் பார்த்த எங்களுக்குத் தெரியவில்லை.

மோட்டாரை இணைக்கும் முன் ரேக்கைக் கையால் இழுத்துப் பார்ப்பது வழக்கம். லூகாஸ் கையேடுகள் இதற்கு ஓர் அளவே கொடுக்கின்றன: வைப்பர் கைகள் இல்லாமல் ரேக்கை நகர்த்த 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது. மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி மாட்டி இழுத்தோம். முள் ஐந்து கிலோவைத் தாண்டியது. குழாயின் விரிந்த முனை வீல்பாக்ஸின் பள்ளத்தில் உட்காராமல் கோணலாக நின்று ரேக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. மறுபடி நட், ஸ்க்ரூ, நூல் எல்லாம். இன்னொரு அரை நாள். இந்தத் தடவை முள் இரண்டரையில் நின்றது. தராசு இல்லாமல் மோட்டாரைப் பூட்டியிருந்தால் வைப்பர் ஓடத்தான் செய்திருக்கும், கொஞ்சம் மெதுவாக. மோட்டார் சூடாகிக் கருகிய பிறகே காரணம் தேடியிருப்போம்.

குறிப்பேட்டின் கணக்குப்படி மொத்தம் 19 மணி நேரம். அதில் வீல்பாக்ஸைக் கழற்றியதற்கும் மாட்டியதற்கும் மட்டும் என்று எடுத்தால் இரண்டு மணி நேரம்கூட இல்லை. மீதி எல்லாம் அதன் பக்கத்தில் போய்ச் சேர ஆன நேரம். பில்லைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர், “சாமான் சில நூறு ரூபா, கூலி இவ்வளவா?” என்று கேட்டார். குறிப்பேட்டைக் காட்டினேன். அரை நாள் எங்கள் தப்பு என்பதால் அதைக் கழித்துக்கொண்டோம்.

பின்பு நடந்தது

ஏப்ரலில் வண்டியைக் காட்டி ஐந்து ஆண்டுக்குப் பதிவு புதுப்பித்தாகிவிட்டது. வைப்பர் இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புகின்றன.

உண்மையான சோதனை வடகிழக்குப் பருவமழை. சணல் விரிப்பைத் திரும்பப் போடாமல், இரண்டு பக்கமும் வெறும் தகட்டில் செய்தித்தாள் விரித்துவைக்கச் சொல்லியிருந்தோம். அக்டோபரில் முதல் பெரிய மழைக்குப் பிறகு போன் செய்தார். இடப்பக்கம் காகிதம் மொறமொறப்பாக இருக்கிறது, வலப்பக்கம் ஓட்டுநர் காலடியில் உள்ளங்கை அளவு ஈரம். ஜனவரியில் “பிறகு பார்க்க” என்று நான் எழுதிய அதே பீடிங் மூலை. இடப்பக்கம் அரை வாளி தண்ணீர் வந்தபோது இந்தக் கொஞ்சம் யார் கண்ணிலும் படவில்லை.

மறுபடி செய்தால்

முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்ற முடிவை இப்போது அவ்வளவு உறுதியாக ஆதரிக்க மாட்டேன். தண்ணீர்ச் சோதனையிலேயே பீடிங் சந்தேகம் வந்திருந்தது. கண்ணாடியை எடுத்திருந்தால் வீல்பாக்ஸுக்கு மேலிருந்தும் வெளிச்சம் கிடைத்திருக்கும், இரண்டு வேலையும் ஒரே கூலியில் முடிந்திருக்கும். டிங்கர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஜனவரியில் பழைய பீடிங்கைத் தொட்டிருந்தால், புது பீடிங் சரியான அளவில் கிடைக்கும் வரை வண்டி திறந்த மூஞ்சியோடு நின்றிருக்கும், மே மாதக் கெடு தவறியிருக்கும் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. வெட்டாமல் விட்டதில் மட்டும் இப்போது அவருக்கும் வருத்தமில்லை. அடுத்து வந்த ஓர் அம்பாசிடரில் அவரே கையுறைப் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார்.

உள்ளே பிடித்திருப்பவரும் வெளியே இறுக்குபவரும் பேசிக்கொள்ளும் முறையை மாற்றிவிட்டோம். உள்ளே இருப்பவர்தான் எண் சொல்வார். அவர் எண்ணாமல் ஸ்பேனர் திரும்பாது. அவர் ஏதோ அசைந்தது என்றால் டார்ச் அடிப்பதில்லை, நேராகக் கழற்றிவிடுகிறோம். கொக்கித் தராசு ஒன்று சொந்தமாக வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பிப்ரவரியில் மழை ஓய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றுவதாகப் பேச்சு. பீடிங்கை இப்போதே வாங்கி, வண்டியின் பின்சீட்டில் சுருட்டாமல் நீட்டிப் போட்டுவைத்திருக்கிறார். வலப்பக்கக் காகிதத்தை வாரம் ஒரு தடவை மாற்றுகிறாராம்.